நாங்கள் தைத்த தறப்பாள்

கடந்த ஆண்டு மே மாதக் கடைசி விடுமுறையில் எங்கள் வாலிபர் ஐக்கியம் கென்ற் பகுதியில் ஒரு பண்ணை வயலில் முகாமிட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஞாயிறு ஆராதனையை அந்த வயலிலேயே வைத்துக்கொள்வதற்காக ஒரு பெரிய நீலத் தறப்பாளை நான்கு கம்புகளில் கட்டினோம். இரண்டாவது பாட்டுக்கு மழை வந்தது. மூன்றாவது பாட்டுக்குக் காற்று வந்தது. மூலையில் இருந்த உலோக வளையம் பிய்ந்துகொண்டு போக, நடுவில் குளமாய்த் தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் கிற்றார் வாசித்த தம்பியின் தலையில் கொட்டியது. எல்லோரும் சிரித்தோம். அன்றிரவு ஈரமான படுக்கைப் பைகளுக்குள் படுத்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வீடு திரும்பியதும் நல்ல தறப்பாள் ஒன்று வாங்கலாம் என்று தேடினோம். மலிவானவை எல்லாம் பாரமாக இருந்தன. பாரம் குறைந்தவை எல்லாம் விலை கூடியவையாக இருந்தன. எங்களில் ஏழு பேர் எடின்பரோ கோமகன் விருதுத் திட்டத்தில் இருக்கிறார்கள். 1956இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 14 வயது முதல் 24 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். வெண்கல விருதுக்கு இரண்டு பகலும் ஓர் இரவும், வெள்ளிக்கு மூன்று பகலும் இரண்டு இரவும், தங்கத்துக்கு நான்கு பகலும் மூன்று இரவும் வெளியே பயணம் போகவேண்டும். பெரும்பாலானோர் நடந்தே போகிறார்கள். உணவு, மாற்றுடை, கூடாரம் எல்லாம் அவரவர் முதுகில்தான். அந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நூறு கிராமும் கணக்கு.

"அப்படியென்றால் நாங்களே தைப்போம்" என்றாள் எங்களில் ஒருத்தி. பாடசாலையில் தையல் படித்தவள் அவள் ஒருத்திதான்.

பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பலர் தலையாட்டினார்கள். பின் வரிசையில் இருந்த ஒரு அன்ரி மட்டும் எழுந்து நின்றார். சபையில் எந்தப் பிள்ளையின் திடப்படுத்தல் உடைக்கும் கடைசி ஊசி போடுகிறவர் அவர்தான். "தறப்பாளுக்குக் கீழ படுத்த சீவியம் எனக்குப் போதும். நீங்கள் அதைக் காசு குடுத்துத் தேடிப் போறியளோ?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. எங்களுக்கும் பதில் தெரியவில்லை.

ஆனாலும் தைத்தோம். அதை எப்படித் தைத்தோம் என்பதையும், அந்தக் கேள்விக்கு என்ன ஆயிற்று என்பதையும் இங்கே எழுதுகிறோம்.

ஒரு தையற்காரர் தொடங்கியது

முகாம் என்றால் வெள்ளைக்காரருடைய பொழுதுபோக்கு, நமக்கு என்ன தொடர்பு என்று சிலர் கேட்டார்கள். தேடிப் பார்த்தபோது எங்களுக்கே வியப்பாக இருந்தது. இந்த நாட்டில் பொழுதுபோக்காக முகாமிடுவதைப் பரப்பியவர் லண்டனில் தையற்கடை நடத்திய ஒரு தையற்காரர். அவர் பெயர் தொமஸ் ஹைரம் ஹோல்டிங்.

1853இல் சிறுவனாக இருந்தபோது அவர் பெற்றோருடன் அமெரிக்கப் புல்வெளிகளை மாட்டு வண்டித் தொடரில் கடந்தார். அந்தப் பயணத்தில் கூடாரத்தில் தூங்கியது அவர் மனதை விட்டுப் போகவில்லை. வளர்ந்து லண்டனில் தையற்தொழில் செய்தபோது, ஒரு மனிதன் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகக்கூடிய அளவுக்குச் சிறிய, இலகுவான கூடாரத்தைத் தாமே வடிவமைத்தார். அயர்லாந்தில் அப்படி ஒரு பயணம் போய் வந்து 1898இல் ஒரு புத்தகம் எழுதினார். அதை வாசித்தவர்கள் தொடர்புகொள்ள, 1901இல் சைக்கிள் முகாமினர் சங்கம் உருவாயிற்று. இன்றைக்கு முகாம் மற்றும் கரவன் கழகம் என்ற பெயரில் நாடெங்கும் முகாம் மைதானங்களை நடத்துவது அந்தச் சங்கத்தின் தொடர்ச்சிதான். 1908இல் முகாமிடுவோருக்கான கைநூல் ஒன்றையும் ஹோல்டிங் வெளியிட்டார்.

தையற்காரர் ஒருவர் தம் கத்தரிக்கோலோடும் ஊசியோடும் தொடங்கிய காரியம் இது. தையற்காரர் இல்லாத தமிழ்ச் சபை லண்டனில் உண்டா?

துணி

முதலில் துணி. எங்கள் தறப்பாளுக்குத் தேர்ந்தெடுத்தது ரிப்ஸ்ரொப் என்று சொல்லப்படும் நெசவு. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சிறு சிறு கட்டங்கள் தெரியும். மெல்லிய நூல்களுக்கு இடையே குறித்த இடைவெளியில் தடித்த நூல் ஓடுவதால் வருவது அந்தக் கட்டம். எங்காவது முள் குத்திக் கிழிந்தால், கிழிசல் அந்தத் தடித்த நூல் வரை போய் அங்கே நின்றுவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பட்டுக்குப் பதிலாக நைலோனில் பாரசூற்று செய்யத் தொடங்கியபோது வளர்ந்த நெசவு இது.

கடைக்காரர்கள் துணியை டெனியர் கணக்கில் சொல்வார்கள். 9000 மீற்றர் நூல் எத்தனை கிராம் நிறுக்கிறதோ அத்தனை டெனியர். எங்கள் துணி 20 டெனியர். அதாவது ரூட்டிங்கிலிருந்து வெஸ்ற்மின்ஸ்ரர் வரை அந்த நூலை இழுத்துக்கொண்டு போனாலும் அதன் பாரம் ஏறக்குறைய 20 கிராம்தான்.

நைலோனா, பொலியெஸ்டரா என்பது அடுத்த கேள்வி. ஒரே பாரத்தில் நைலோன் பலம் கூடியது. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சி நீளும். மாலையில் இறுக்கிக் கட்டிய தறப்பாள் நள்ளிரவு மழையில் தொய்ந்துவிடும், யாராவது எழுந்துபோய்க் கயிற்றை மறுபடியும் இழுக்கவேண்டும். பொலியெஸ்டர் அவ்வளவு நீளாது. நள்ளிரவில் எழும்புகிற ஆட்கள் நாங்கள் இல்லை என்பதால் பொலியெஸ்டரை எடுத்தோம்.

இந்தத் துணியின் இரண்டு பக்கமும் சிலிக்கோன் ஊட்டப்பட்டிருக்கும். துணி எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதை மில்லிமீற்றரில் எழுதியிருப்பார்கள். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தி நீரை ஊற்றிக்கொண்டே போய், எந்த உயரத்தில் துளிகள் மறுபக்கம் கசிகின்றன என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. 1500 மில்லிமீற்றர் தாங்கினால் நீர்புகாத் துணி என்று இங்கே பொதுவாகக் கொள்கிறார்கள்.

இத்துணி ஒரு சதுர மீற்றருக்கு 45 கிராம் அளவில் வருகிறது. மூன்று மீற்றர் சதுரத் தறப்பாளுக்கு 9 சதுர மீற்றர். துணி மட்டும் 405 கிராம். காதுகளும் ஒட்டுத்துணிகளும் சேர்த்து அரைக் கிலோவுக்குள் அடங்கும். சுருட்டினால் ஒரு சிறிய பாண் அளவு. கயிறு, ஆணி உட்பட எங்கள் செலவு 80 பவுணுக்குள் முடிந்தது.

அளவும் வளைவும்

துணிச் சுருளின் அகலம் ஒன்றரை மீற்றர். ஆகவே மூன்று மீற்றர் நீளத்தில் இரண்டு துண்டுகள் வெட்டி, நீளவாட்டில் நடுவே இணைத்தால் சதுரம் கிடைக்கும். அந்த நடுத்தையல்தான் கூரையின் முகடு. ஆறரை மீற்றர் வாங்கினோம். மிஞ்சிய அரை மீற்றரில் மூலைகளுக்கு ஒட்டுத்துணியும், தறப்பாளை வைக்க ஒரு பையும் வந்தன. ஓரம் மடித்துத் தைத்து முடித்தபோது ஒரு பக்கம் ஏறக்குறைய 2.9 மீற்றர் இருந்தது.

முகட்டை நேர்கோடாக வெட்டினால் கட்டும்போது நடுப்பகுதி தளர்ந்து காற்றில் படபடக்கும். சற்று வளைவாக வெட்டினால் இரண்டு முனைகளையும் இழுக்கும்போது துணி முழுவதும் ஒரே சீராக இறுகும். அந்த வளைவு என்ன வடிவம்? இரண்டு முனையில் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலியின் வடிவம்.

இதைப் படித்தபோது எங்களில் பொறியியல் படிக்கும் அண்ணா ஒரு காரியம் சொன்னார். லண்டன்வாசியான ரொபேட் ஹுக் என்ற விஞ்ஞானி 1675இல் இந்தச் சங்கிலியைப் பற்றி ஒரு உண்மையை எழுத்துப் புதிராக வெளியிட்டார். தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கினால் நிற்கும் வளைவுக்குச் சரியான வடிவம் கிடைக்கும் என்பது அதன் விடை. அவருடைய நண்பர் கிறிஸ்தோபர் ரென் புனித பவுல் பேராலயத்தைக் கட்டியபோது அந்தக் கருத்து குவிமாடத்துக்கு உதவியது. வெளியே தெரியும் குவிமாடத்துக்கும் உள்ளே தெரியும் குவிமாடத்துக்கும் நடுவே மறைந்து நின்று, உச்சியின் பாரத்தைத் தாங்கும் செங்கல் கூம்பு ஒன்று அங்கே இருக்கிறது. கூடாரம் செய்த பவுலின் பெயரில் நிற்கும் ஆலயத்துக்கு உதவிய அதே வளைவு, எங்கள் கூடாரத் துணிக்கும் உதவியது.

சபை மண்டபச் சுவரில் மூன்று மீற்றர் இடைவெளியில் இரண்டு ஆணிகளில் மெல்லிய சங்கிலி ஒன்றைத் தொங்கவிட்டோம். நடுவில் ஆறு சென்ரிமீற்றர் தொய்வு வரும்படி இழுத்துக் கட்டினோம். பின்னால் பழுப்புக் காகிதத்தை ஒட்டி, சங்கிலியின் வழியே பென்சிலால் கோடு போட்டு வெட்டி எடுத்தோம். அதுவே எங்கள் அச்சு. இரண்டு துண்டுகளின் ஓரத்திலும் அதை வைத்து, கோட்டுக்கு வெளியே தையலுக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர் விட்டு வெட்டினோம்.

இந்தத் துணி மீன்போல வழுக்கும். மேசையில் நிற்காது. ஆகவே தரையில் விரித்து, ஓரங்களில் பாட்டுப் புத்தகங்களைப் பாரமாக வைத்தோம். குண்டூசி குத்தவில்லை. குத்தினால் அந்தத் துளை மூடாது. துணி உலர்த்தும் சிறிய கிளிப்புகளால் பிடித்தோம்.

ஊசி போன இடமெல்லாம் துளை

தைக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. மேல்துணி ஒரு பக்கமும் கீழ்த்துணி ஒரு பக்கமும் ஓடின. நூல் சிக்கி பொபினுக்குள் கூடு கட்டியது. இரண்டு சனிக்கிழமைகள் போய்விட்டன. மூன்றாம் சனிக்கிழமை பேத்தியைப் பாட்டு வகுப்புக்குக் கொண்டுவந்த அன்ரி, மண்டப வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். கேள்வி கேட்ட அதே அன்ரிதான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அரை மணி நேரத்தில் மருமகனின் காரில் தன்னுடைய பழைய கறுப்புச் சிங்கர் கைமெசினோடு திரும்பி வந்தார்.

"விலத்துங்கோ பிள்ளையள். உந்த ஊசி மொட்டை" என்றார்.

அன்று அவர் சொல்லித் தந்ததைச் சுருக்கமாகத் தருகிறோம். புதிய, கூரான, 70 அல்லது 80ஆம் இலக்க ஊசி வேண்டும். ஊசி மெல்லியதானால் துளையும் சிறியது. நூல் பொலியெஸ்டராக இருக்கவேண்டும், பருத்தி நூல் ஈரத்தில் உக்கிவிடும். தையல் மூன்று மில்லிமீற்றர் நீளம். நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று நினைக்கக்கூடாது. தபால் முத்திரையின் ஓரம்போலத் துளைகள் நெருங்கி, அந்த வரியிலேயே கிழிந்துவிடும். துணி ஓடினால் இரண்டுக்கும் அடியில் மெல்லிய காகிதத்தை வைத்துச் சேர்த்துத் தைத்து, பிறகு காகிதத்தைக் கிழித்து எடுக்கலாம்.

முகட்டுக்கு ஜீன்ஸ் காலின் பக்கவாட்டில் இருக்கும் மடிப்புத் தையல் போட்டோம். முதலில் இரண்டு துண்டையும் சேர்த்து ஒரு வரி. பிறகு ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துச் சாய்த்து மேலே இன்னொரு வரி. வெட்டிய ஓரம் வெளியே தெரியாது. இழுவிசை நான்கு மடிப்புத் துணிமேல் பரவும். சுற்றி வர ஓரத்தை ஒரு சென்ரிமீற்றராக இரண்டு முறை மடித்துத் தைத்தோம். நான்கு மூலையிலும், நான்கு பக்கத்தின் நடுவிலும் நாடாவை மடித்துக் காதுகள் வைத்தோம். மொத்தம் எட்டு. ஒவ்வொரு காதுக்கும் அடியில் இரட்டை ஒட்டுத்துணி வைத்து, முன்னும் பின்னுமாக நாலைந்து தடவை தைத்தோம். போன ஆண்டு பிய்ந்துபோன அந்த உலோக வளையத்தை யாரும் மறக்கவில்லை.

முகடு முடிந்ததும் அன்ரி துணியைத் தூக்கி சன்னலுக்கு எதிரே பிடித்தார். தையல் வரி முழுவதும் புள்ளி புள்ளியாக வெளிச்சம். "எண்ணிப் பாருங்கோ" என்றார். எண்ணவில்லை, கணக்குப் போட்டோம். மூன்று மீற்றரில் மூன்று மில்லிமீற்றருக்கு ஒன்றாக ஆயிரம் துளை. இரண்டு வரிக்கு இரண்டாயிரம். நீர்புகாத் துணி என்று பார்த்துப் பார்த்து வாங்கிய துணியில், மழை நேராக விழுகிற முகட்டிலேயே, எங்கள் கையால் இரண்டாயிரம் துளை போட்டிருந்தோம்.

இது எங்களுக்கு மட்டும் வந்த சிக்கல் அல்ல. 1823இல் ஸ்கொட்லாந்துக்காரர் சார்ள்ஸ் மக்கின்ரொஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே கரைத்த ரப்பரைப் பூசி நீர்புகாத் துணி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். துணி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தையற்காரர்கள் அதை வாங்கி மேலங்கி தைத்தபோது, ஊசி போன இடமெல்லாம் மழை உள்ளே வந்தது. இணைக்கிற தையலே துளைக்கவும் செய்கிறது. தைக்காமல் கூரை இல்லை. தைத்தால் துளை. ஆகவே தைத்து முடித்தபின் இன்னொரு வேலை இருக்கிறது. அதை விட்டுவிட்டால் செய்த எல்லாம் வீண்.

அந்த வேலை, தையலை அடைப்பது. சிலிக்கோன் ஊட்டிய துணியில் சிலிக்கோன் மட்டும்தான் ஒட்டும். மற்றத் துணிகளுக்கு விற்கும் அடைப்பு நாடாக்கள் இதில் உரிந்துவிடும். குளியலறை ஓரங்களுக்குப் பூசும் நிறமற்ற, கலப்பில்லாத சிலிக்கோன் பசையை வாங்கி, ஒரு பழைய போத்தலில் வைற் ஸ்பிரிற் சேர்த்துத் தேன் பதத்துக்குக் கலக்கினோம். சன்னல்கள் எல்லாம் திறந்திருக்கவேண்டும், அடுப்போ மெழுகுவர்த்தியோ பக்கத்தில் இருக்கக்கூடாது. துணியை இழுத்துக் கட்டி, சிறு தூரிகையால் ஒவ்வொரு தையலின் மேலும் மெல்லிய பூச்சாகத் தேய்த்தோம். தடித்துப் பூசினால் காய்ந்து உரியும். ஒரு முழு நாள் காயவிட்டு, ஒட்டாமல் இருக்க முகத்துக்குப் போடும் பவுடரை மேலே தூவித் துடைத்தோம்.

தைப்பதற்கு எல்லோரும் போட்டி போட்டார்கள். பூசுவதற்கு மூன்று பேர்தான் வந்தார்கள். தைத்தால் உருவம் வருகிறது, பார்ப்பவர்கள் புகழ்கிறார்கள். பூசினால் ஒன்றும் தெரிவதில்லை.

கைமெசின் சுற்றும்போது கேட்டது

கைமெசினைச் சுற்றிக்கொண்டே அன்ரி கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். அவருடைய அனுமதியோடு, அவர் பெயரில்லாமல் எழுதுகிறோம்.

2009இன் தொடக்கத்தில் அவர் வன்னியில் இருந்தார். இடம் மாற மாற, ஒவ்வொரு இடத்திலும் பதுங்குகுழி வெட்டினார்கள். அதன் மேல் அடுக்க மண்மூட்டை வேண்டும். சாக்கு இல்லை. ஆகவே பெண்கள் தங்கள் சேலைகளை வெட்டிப் பை தைத்தார்கள். "கூறைச் சேலையும் வெட்டினனாங்கள். பட்டு நல்ல உறுதி தெரியுமோ" என்றார். பிறகு செட்டிகுளத்துக்கு அருகே மெனிக் பாம் முகாம். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அங்கே அடைபட்டிருந்தார்கள். தொண்டு நிறுவனங்கள் கொடுத்த தறப்பாள்தான் வீடு. அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் பெரிய மழை வந்தபோது தண்ணீர் கூடாரங்களுக்குள் புகுந்தது. மேலிருந்து அல்ல, தரை வழியாக. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இரவு முழுவதும் நின்றார்கள். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது.

எங்களில் பலர் இந்த நாட்டில் பிறந்தவர்கள். வீட்டில் இவற்றைக் கேட்டதில்லை. கேட்கவும் தெரியவில்லை. துணியைப் பிடிக்க ஒருவர், சக்கரத்தைச் சுற்ற ஒருவர், கிளிப்பைக் கழற்ற ஒருவர் என்று கைகள் வேலையில் இருந்தபோது வாய் தானாகத் திறந்தது.

அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தை அந்த வாரம் வேதபாடத்தில் மறுபடியும் வாசித்தோம். கொரிந்துவில் பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கி வேலை செய்தார். மூவருக்கும் தொழில் ஒன்று, கூடாரம் செய்வது. இது எல்லோரும் அறிந்ததே. அந்தத் தம்பதியர் எதற்காகக் கொரிந்துவுக்கு வந்தார்கள் என்பதை நாங்கள் கவனித்ததில்லை. யூதர்கள் ரோமாபுரியை விட்டுப் போகவேண்டும் என்று கிலவுதியு ராயன் கட்டளையிட்டதால் வந்தவர்கள். துரத்தப்பட்டவர்கள் வந்த இடத்தில் பிறருக்குக் கூடாரம் தைத்தார்கள், தங்கள் வீட்டில் ஒருவரைத் தங்கவும் வைத்தார்கள். எங்கள் மண்டபத்தில் கறுப்பு மெசினோடு இருந்தவரைப் பார்த்தபின் அந்த வசனங்கள் எங்களுக்கு வேறு மாதிரிக் கேட்டன.

தைப்பதைவிடக் கட்டுவதைப் பற்றி அன்ரிக்கு அதிகம் தெரிந்திருந்தது. அவர் சொன்னவை இவை. மேட்டைத் தேடுங்கள், பள்ளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். காற்று வரும் பக்கத்தை நிலத்தோடு தாழ்த்திக் கட்டுங்கள். கூரை சரிவாக இருந்தால் தண்ணீர் தேங்காது, தேங்கினால் எந்தத் தறப்பாளும் நிற்காது. முகட்டுக் கயிற்றின் வழியே ஓடிவரும் தண்ணீர் உள்ளே வரும், ஆகவே துணிக்குச் சற்று வெளியே கயிற்றில் ஒரு சிறு நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அந்த நூல் வழியே கீழே சொட்டிவிடும்.

சுற்றி வாய்க்கால் வெட்டவும் சொன்னார். இங்கே பிறர் வயலை வெட்ட முடியாது என்றோம். இங்கிலாந்தில் பெரும்பாலும் நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் முகாமிடவே முடியாது. "அப்ப மேட்டை இன்னும் கவனமாப் பாருங்கோ" என்றார். நாங்கள் சேர்க்கும் ஒன்று: இந்தத் துணி எளிதில் உருகும், தீப்பிடிக்கும். அதன் கீழே அடுப்பு மூட்டக்கூடாது.

மழை வந்தது

செப்ரெம்பரில் அதே வயலுக்குப் போனோம். வெள்ளி இரவு முழுவதும் மழை. தறப்பாளின் கீழே எங்களில் நால்வர் படுத்திருந்தோம். துணியில் மழை விழும் சத்தம் தகரக் கூரைபோலப் பெரிதாகக் கேட்டது. இரண்டு மணிக்கு ஒருவன் டோர்ச் அடித்து முகட்டைப் பார்த்தான். காய்ந்திருந்தது. நான்கு மணிக்கு இன்னொருத்தி பார்த்தாள். காய்ந்திருந்தது. விடியும்போது ஒருவரின் காலடியில் மட்டும் உள்ளங்கை அளவு ஈரம். தேடிப் பார்த்தால் ஒரு பக்கத்து நடுக்காது. அந்த ஒட்டுத்துணியின் உட்பக்கத் தையலுக்குப் பூச மறந்திருந்தோம்.

சனிக்கிழமை மதியம் சில பெற்றோர் சாப்பாட்டோடு வந்தார்கள். அன்ரியும் வந்திருந்தார். வருவார் என்று நாங்கள் நினைக்கவில்லை. தறப்பாளின் வெளியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து உள்ளே வந்து, முகட்டுத் தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்த்தார். நனைந்த காதைக் காட்டினோம். "ஒரு இடம்தானே. காய்ஞ்ச பிறகு பூசுங்கோ" என்றார். பிளாஸ்க்கில் இருந்த தேநீரை ஊற்றிக் கொடுத்தோம். அங்கேயே கால் நீட்டி இருந்து குடித்தார். மழை மறுபடியும் தூறியது. அவர் எழும்பவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் அவர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் இன்னும் நேரான பதில் இல்லை. நாங்கள் விருப்பப்பட்டுப் போகிறோம், விரும்பியபோது வீட்டுக்குத் திரும்புகிறோம். அவருக்கு அந்த இரண்டும் இருக்கவில்லை. அந்த வேறுபாட்டைத் தெரியாமல் இனிமேல் நாங்கள் ஒரு தறப்பாளின் கீழ் படுக்கமாட்டோம். இதை மட்டும் சொல்லமுடியும்.

இந்த ஆண்டு விருதுப் பயணம் போகும் பிள்ளைகளுக்காக இன்னும் இரண்டு தறப்பாள்கள் தைக்கிறோம். துணி வாங்கியாயிற்று. வரும் மாதம் முழுவதும் சனிக்கிழமைகளில் பாட்டு வகுப்பு முடிந்ததும் மண்டபத்தில் இருப்போம். கறுப்பு மெசினும் அன்ரியும் இருப்பார்கள். ஊசி பிடிக்கத் தெரியாதவர்களும் வரலாம். தைப்பதற்கு ஆள் இருக்கிறது. பூசுவதற்குத்தான் ஆள் வேண்டும்.